பிள்ளையிடம் ஆளாளுக்குக் கேட்காதீர்கள்

வழக்குகளில் சிக்கிய பிள்ளைகளோடு பேசுவது என் வேலை. போன கிழமையும் ஒரு பிள்ளை. ஆறு வயது. பெற்றோர் பிரிந்து, மகள் யாரோடு இருப்பது என்று மட்டக்களப்பில் வழக்கு நடக்கிறது (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்). நான் பெயரைக் கேட்கும் முன்னமே "அப்பா என்னைத் துஷ்பிரயோகம் செய்தவர்" என்றாள். அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டேன். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அம்மா வெளியே இருந்தார்.

சரி, அப்போ சொல்லிக்கொடுத்த பொய்தான் என்று முடிவுகட்டுகிறீர்களா? இந்த முடிவுதான் எனக்குப் பெரிய எரிச்சல். தாளும் கலரும் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தேன். கீறிக்கொண்டே அவளாகச் சொன்னாள்: "அப்பா வயரைக் கதவுக்குப் பின்னால கொழுவி வைப்பார். அது ஆடினா எனக்குப் பயம்." இப்படி ஒரு வசனத்தைப் பெரியவர்கள் சொல்லிக்கொடுப்பது அபூர்வம். வயரால் அடி நடந்திருக்கிறது. ஆனால் வீட்டில் ஊட்டிவிட்ட அந்த ஒரு சொல்லைப் பிடித்து, எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அடியையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடுவார்.

எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, அதனால் பிரிவு வந்தால் பிள்ளை பெரும்பாலும் அம்மா வீட்டாரோடு இருக்கும். அம்மம்மா கேட்பார், பெரியம்மா கேட்பார், மாமா போனில் வீடியோ எடுப்பார். "அப்பா அங்க தொட்டவரா?" இல்லை என்றால் திரும்பவும் அதே கேள்வி. மூன்றாம் தரமும் கேட்டால், தான் சொன்ன விடை பிழை என்றுதானே பிள்ளை நினைக்கும், வகுப்பில் டீச்சரும் அப்படித்தான் கேட்பார். அப்பா வீட்டாரும் குறைந்தவர்கள் இல்லை: "அம்மாதானே சொல்லச் சொன்னவ?"

அமெரிக்காவில் 1995இல் வெளியான ஒரு ஆய்வில், சாம் ஸ்டோன் என்பவர் பாலர் வகுப்புக்கு வந்து கொஞ்ச நேரம் நின்று, ஒன்றும் செய்யாமல் போனார். யாரும் எதையும் ஊட்டாத பிள்ளைகள் பெரும்பாலும் நடந்ததையே சொன்னார்கள். அவர் கைபட்டால் எதுவும் உடையும் என்று முன்பே கதை கேட்டு, பிறகு திசைகாட்டும் கேள்விகளுக்கும் ஆளானவர்களில் பலர், அவர் புத்தகத்தைக் கிழித்தார் என்றார்கள். பிள்ளையின் சாட்சியத்தை நம்பலாமா என்று என்னிடம் கேட்பவர்கள், அதனிடம் யார், எத்தனை தரம், எப்படிக் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள். நமது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 118ஆம் பிரிவில் சாட்சிக்கு வயது எல்லை கிடையாது. கேள்வி விளங்கி, பொருத்தமாகப் பதில் சொல்ல முடிந்தால் போதும்.

பிள்ளை தானாகச் சொன்னால் கேளுங்கள். "பிறகு?" என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அதன் சொல்லிலேயே, திகதியோடு, நீங்கள் கேட்டதையும் சேர்த்து எழுதி வையுங்கள். வீடியோ எடுக்காதீர்கள். சிறுவர் உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள், அல்லது பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள். அப்புறம், நீதிமன்றத்துக்கு வரும் காலையில் "சொல்லித் தந்ததை மறந்திடாத" என்று மட்டும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. சாப்பாடு கொடுத்து, தலை இழுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள். மிச்சத்தை நாங்கள் கேட்கிறோம்.