சைபீரியாவின் மண் சூடேறும்போது

2020 ஜூன் 20 அன்று சைபீரியாவின் வெர்கோயான்ஸ்க் என்ற சிற்றூரில் 38 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே 115 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர் அது, 1892 குளிர்காலத்தில் மைனஸ் 67.8 வரை இறங்கிய ஊர். ஆர்க்டிக்கில் பதிவான உச்சபட்ச வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு 2021 டிசம்பரில் இதை ஏற்றுக்கொண்டது.

இது நிழலில், ஆள் உயரத்தில் அளந்த காற்றின் சூடு. வெயில் நேரடியாக விழும் தரையின் சூடு வேறு. 2021-லும் அதே ஜூன் 20 அன்று அந்தப் பக்கத்துத் தரை 48 டிகிரியில் இருந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது. அதையும் காற்றின் வெப்பநிலை என்றே பலர் பரப்பிவிட்டார்கள்.

சரி, அவ்வளவு குளிர்ந்த நிலம் எப்படி இப்படிக் காய்கிறது? மேகமே இல்லாத உயர் அழுத்தக் காற்று நகராமல் நின்றுவிட்டது, ஜூனில் அங்கே சூரியன் மறைவதும் இல்லை. ஆனால் நிலம் அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்தது. 2020-ல் குளிர்காலமும் வசந்தமும் வழக்கத்தைவிட வெதுவெதுப்பாக இருந்ததால் பனி சீக்கிரமே உருகிவிட்டது. புதுப்பனி வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும், வெற்று மண்ணோ பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

அப்புறம் ஈரம். மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாவதால்தானே பானை குளிர்கிறது, ஈரமான நிலமும் அப்படித்தான், விழுகிற வெயிலில் பெரும்பங்கை நீரை ஆவியாக்கவே செலவழித்துவிடும். ஈரம் தீர்ந்தபின் அந்த ஆற்றல் முழுக்க மண்ணையும் மேலே உள்ள காற்றையும் சூடாக்கப் போகிறது, சூடான காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சுகிறது, தரை இன்னும் காய்கிறது. 2003-ல் ஐரோப்பாவை வாட்டிய வெப்ப அலையிலும் இதே சுழற்சிதான்.

சைபீரியாவில் இதைவிடக் கவலை தருவது கீழே இருக்கிற உறைமண், அதாவது ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலம். பூமியின் வடபகுதி உறைமண்ணில் ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதைப்போல சுமார் இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிரிகள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் மீத்தேனாகவும் வெளியே விடும். வெர்கோயான்ஸ்க் வட்டாரத்திலேயே படகைக்கா என்ற பெரும்பள்ளம் இருக்கிறது: 1960-களில் காட்டை அழித்ததும் நிழல் போய், தரை சூடேறி, அடியில் இருந்த பனிக்கட்டி உருகி, நிலம் சரியத் தொடங்கியது. இன்று அதன் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர், இன்னும் வளர்கிறது.

2020 கோடையில் அங்கே காடும், மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான கரிமண்ணும் சேர்ந்து எரிந்தன. தீ போனபின்னும் நிலத்துக்கு ஓய்வில்லை, வெயிலைத் தடுத்து வைத்திருந்த பாசிப் படலம் கருகிப்போவதால் அந்த இடங்களில் உறைமண் பல ஆண்டுகளுக்குக் கூடுதல் ஆழம்வரை இளகிக்கொண்டிருக்கும்.