பையருக்குப் போகும் மெயிலில் கணக்கு எண் மாறுவது எப்படி?

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் ஒரு பனியன் கம்பெனிக்கும் ஐரோப்பாவில் சரக்கு வாங்கும் பையருக்கும் நடுவே எல்லாமே மெயிலில்தான் ஓடுகிறது. சாம்பிள் ஒப்புதல், புரோஃபார்மா இன்வாய்ஸ், தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறியதும் அனுப்பும் பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) நகல், வங்கிக் கணக்கு விவரம் என எல்லாம் ஒரே உரையாடலில் அடுத்தடுத்து வரும். கரூர் ஜவுளிக்கும் கோவை பம்புக்கும் இதே வழிதான். அதில் கடைசியாகப் போகும் ஒரு மெயிலில் கணக்கு எண் மட்டும் மாறினால் போதும்: சரக்கு பையரிடம் சேர்ந்துவிடும், பணம் திருடனிடம் சேரும்.

கல்லூரிகளில் சைபர் பாதுகாப்பு அறிமுகப் பாடம் வழக்கமாக மூன்று குறிக்கோள்களோடு தொடங்கும்: தகவல் வெளியே கசியக்கூடாது, யாரும் அதை மாற்றிவிடக்கூடாது, வேண்டியபோது கிடைக்க வேண்டும். டிசைன் வெளியே போகாமலும் சர்வர் நின்றுவிடாமலும் இருக்க நம் ஊர் நிறுவனங்கள் செலவு செய்கின்றன. இந்த மோசடி அடிப்பது நடுவில் இருக்கும் 'மாற்றிவிடக்கூடாது' என்பதை. அதற்குத்தான் பெரும்பாலும் காவல் இல்லை.

வேரைத் தேடினால் 1982-க்குப் போக வேண்டும். மெயிலைச் சுமந்து செல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை அந்த ஆண்டு வகுக்கப்பட்டது. அனுப்புகிறவர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபாலில் உறையின் மேல் ஒரு அனுப்புநர் முகவரியும் உள்ளே கடிதத்தின் தலையில் வேறொரு பெயரும் எழுத முடியும் அல்லவா, மெயிலிலும் அப்படித்தான். சர்வர்கள் பேசிக்கொள்ளும்போது தரும் அனுப்புநர் முகவரி ஒன்று. நம் திரையில் தெரியும் 'ஃப்ரம்' வரி இன்னொன்று. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கேட்பதில்லை.

இந்த ஓட்டையை அடைக்கப் பின்னால் வந்தவை மூன்று. மூன்றையும் நிறுவனத்தின் டொமைன் பெயருக்கான (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வரும் பெயர்) டிஎன்எஸ் பதிவுகளில், அதாவது அந்தப் பெயரின் விவரங்களை இணையத்தில் யாரும் கேட்டுப் பெறும் பட்டியலில், எழுதி வைக்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது, எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே அனுமதி என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் இடும் டிஜிட்டல் கையொப்பம். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க எல்லோருக்கும் தரப்படும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். 2048 பிட் சாவியே நல்லது. டிமார்க் இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, அந்த டொமைன் 'ஃப்ரம்' வரியில் உள்ள டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்ற கட்டளையும் அதிலேயே இருக்கும்: 'நன்' என்றால் சும்மா விடு, 'குவாரண்டைன்' என்றால் ஸ்பேமில் போடு, 'ரிஜெக்ட்' என்றால் திருப்பி அனுப்பு.

பல இடங்களில் இந்த மூன்றும் பெயருக்கு இருக்கும், வேலை செய்யாது. ஒரே டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இருந்தால் சோதனை பிழையில் முடியும். ஒரு எஸ்பிஎஃப் பதிவு 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் கேட்டாலும் அதே கதி. மெயில் சேவை, இன்வாய்ஸ் அனுப்பும் ஈஆர்பி (நிறுவனக் கணக்கு வழக்கு மென்பொருள்), வெப்சைட் படிவம், சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது அந்த 10 சீக்கிரம் தீர்ந்துவிடும். நேராக 'ரிஜெக்ட்' போட்டால் சொந்த இன்வாய்ஸே பையருக்குப் போகாமல் நின்றுவிடலாம். அதனால் முதலில் 'நன்' வைத்து, பெறும் சர்வர்கள் அனுப்பும் டிமார்க் அறிக்கைகளைச் சில வாரம் பார்த்து, நம் பெயரில் அனுப்பும் எல்லா இடங்களையும் சரிசெய்த பிறகே கட்டளையைக் கடுமையாக்க வேண்டும். பாதி வழியில் 'நன்'னிலேயே விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. அந்த நிலையில் டிமார்க் எதையும் தடுக்காது. கம்பெனி பெயரை முன்னால் போட்டு ஜிமெயில் முகவரியிலேயே ஏற்றுமதி நடத்துகிறவர்களுக்கு இந்தக் காவலே கிடையாது. ஓர் எழுத்தைக் கூட்டி அதேபோல் இன்னொரு முகவரியை யாரும் திறந்துகொள்ளலாம்.

டிமார்க் சரியாக இருந்தாலும் இரண்டு வழிகள் திறந்தே இருக்கும். ஒன்று, ஒத்த தோற்றமுள்ள டொமைன். ஆங்கில 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் கைபேசித் திரையில் வித்தியாசமே தெரியாது. அது திருடன் தன் பெயரிலேயே வாங்கிய டொமைன் என்பதால் மூன்று சோதனைகளிலும் தேறிவிடும். சிசி-யில் இருக்கும் பெயர்களுக்கும் அப்படியே போலி முகவரிகள் வைப்பார்கள். 'ரிப்ளை ஆல்' கொடுத்தாலும் பதில் உரியவருக்குப் போகாது.

மற்றொன்று இதைவிட மோசமானது: அஞ்சல் பெட்டிக்குள்ளேயே புகுந்துவிடுவது. பையரோடு ஆர்டர்களைக் கவனிக்கும் மர்ச்சண்டைசருக்கு 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்று ஒரு இணைப்பு வரும், திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும் போலிப் பக்கம். ஓடிபி கேட்டாலும் அந்தப் பக்கம் அதையும் அந்த நொடியே அசல் தளத்துக்குக் கடத்தி உள்ளே போய்விடும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கருவியிலேயே இருக்கும் பாஸ்கீ என்ற சாவி இந்த வலையில் சிக்காது. அது பதிவான டொமைனுக்கு மட்டுமே பதில் சொல்லும். உள்ளே போனவன் உடனே எதுவும் செய்யமாட்டான். இன்வாய்ஸ், பேமென்ட், பேங்க் போன்ற சொற்கள் உள்ள மெயில்களை வெளி முகவரிக்கு அனுப்பவோ, யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளவோ ஒரு ரூல் (மெயில் பெட்டி தானாகச் செய்யும் கட்டளை) போட்டுவிட்டுக் காத்திருப்பான். சரக்கு கிளம்பி, பணம் வர இரண்டொரு நாள் இருக்கும்போது, 'எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, புதிய கணக்குக்கு அனுப்பவும்' என்று அசல் இன்வாய்ஸ் பிடிஎஃப்பில் எண்ணை மட்டும் மாற்றி அனுப்புவான்.

சந்தேகம் வந்ததும் எல்லோரும் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அந்த ரூல் அதனால் அழியாது. ஃபார்வர்டிங் அமைப்பு, ரூல்கள், அனுமதி பெற்ற செயலிகள் மூன்றையும் திறந்து பார்த்து நீக்கி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்ற வேண்டும்.

கணக்கு எண் மாற்றத்தை மெயிலில் ஏற்பதில்லை என்று பையரோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது எந்த மென்பொருளையும்விட வலுவானது. மாற்றம் வந்தால், பழைய ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்க வேண்டும். அந்த மெயிலின் அடியில் இருக்கும் எண்ணுக்குச் செய்தால் திருடனே எடுப்பான். நூல் மில்லுக்கும் டையிங்குக்கும் நாம் பணம் கட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கிறார்கள். பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்தக்கூடாது.

பணம் போய்விட்டால் மணிக்கணக்கில்தான் அவகாசம். அனுப்பிய வங்கியிடம் உடனே திரும்பப் பெறக் கோர வேண்டும், பையர் அனுப்பியிருந்தால் அவரைக் கொண்டு அவர் வங்கியில். இங்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரைப் பதிய வேண்டும். போலி மெயிலை அழிக்கவோ ஃபார்வர்டு செய்து கொடுக்கவோ கூடாது. ஃபார்வர்டு செய்தால், மெயில் எந்த சர்வர்கள் வழியே வந்தது என்று சொல்லும் அதன் தலைப்பு வரிகள் (ஹெடர்) போய்விடும். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்து முழுக் கோப்பாக இறக்கி வைக்க வேண்டும். அதில் 'ரிசீவ்டு' வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால் மெயில் வந்த பாதை தெரியும். பெறும் பக்கத்து சர்வர் எழுதிய மேல் வரிகளை நம்பலாம். கீழே இருப்பவை திருடன் எழுதியவையாகவும் இருக்கலாம்.