ரோஸ்ட்: வறுவலா, வாட்டா?

புதுச்சேரியில் ‘போர்க் ரோஸ்ட்’ கேட்டால், பெரும்பாலும் வேகவைத்த துண்டுகளை மிளகு, வெங்காயத்தோடு சட்டியில் சுருளக் கிளறித் தருவார்கள். அது வறுவல். நெய் ரோஸ்ட் தோசையையும் சேர்த்துப் பார்த்தால், தமிழில் இந்தச் சொல்லுக்கு ‘மொறுமொறுப்பானது’ என்றே பொருள் ஆகிவிட்டது.

சொல்லின் அசல் பொருள் வேறு. பெரிய இறைச்சித் துண்டை மூடாமல், நீர் விடாமல், நெருப்பின் அனலிலேயே வேகவிடுவதுதான் ரோஸ்ட். ஜெர்மானிய மொழியில் பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் இன்று அப்படிச் சமைத்த இறைச்சி ‘ரோத்தி’. நம்மூர் ரொட்டிக்கும் அதற்கும் உறவில்லை, ரொட்டி இந்தியச் சொல்.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? கரிகாலனின் விருந்தைப் பாடும் பொருநராற்றுப்படையில் முதலில் வருவது ‘துருவையம் புழுக்கு’, அதாவது வேகவைத்த ஆட்டுக்கறி. அப்புறம்தான் ‘காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை’. காழ் என்றால் இரும்புக் கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டுகள், அசல் ரோஸ்ட்! நீரில் வெந்ததையும் நெருப்பில் வெந்ததையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படை ‘மனைவாழ் அளகின் வாட்டு’ என்கிறது. அளகு, பெட்டைக்கோழி. வாட்டு என்பது அங்கே வினையல்ல, உணவின் பெயர். சுருக்கமான இந்தப் பெயரையே நான் விரும்புகிறேன்.

வீட்டில் செய்யும்போதும் இந்த வேறுபாடு உதவும். நம் தாளிப்பு வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘வடுவான்’ என்கிறார்கள். அதைப் பூண்டு, மிளகு, வினிகரோடு அரைத்து, தோலோடு கூடிய ஒரு கிலோ பன்றிக்கறியின் சதைப்பக்கம் மட்டும் தடவுங்கள். தோலில் பட்டால் கருகிக் கசக்கும். தோலுக்கு உப்பு மட்டும் போதும். இரவு முழுக்கப் பிரிட்ஜில் திறந்தே வைத்தால் ஈரம் வற்றும். மறுநாள் ஓவனில் 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், பிறகு தோல் பொரிய 220 டிகிரியில் இருபது நிமிடம். நடுவே மூடிப்போட்டால் ஆவியில் வெந்து புழுக்காகிவிடும்.

சரி, இதற்குப் பெயர் ‘வடகப் பன்றி வாட்டு’. குக்கரில் விசில் விட்டுச் சட்டியில் கிளறினால், அதை வறுவல் என்றே சொல்லுங்கள்.