பெட்டிக்கடையில் கனலும் கயிறு

கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தத் துணிக்கடையொன்றில் கணக்கு எழுதுகிறவர் அவர். வந்து உட்கார்ந்ததும், "எனக்கு மனவுறுதி இல்லை, மிஸ். சிகரெட்டை மூன்று தரம் விட்டுப் பார்த்துவிட்டேன்" என்றார். உளவளத்துணையாளராக இதை நான் கேட்காத வாரமில்லை. கேட்கும்போதெல்லாம் மனம் வருந்தும். தம்மைத் திட்டிக்கொள்ளும் நேரத்தில், கை எப்போது சிகரெட்டைத் தேடுகிறது என்று கவனித்தாலே பாதி வழி தெரிந்துவிடும்.

"இந்த வாரம் விட வேண்டாம், ஐயா. பற்றவைக்கும் முன் நேரம், இடம், பக்கத்தில் யார் என்று மட்டும் எழுதுங்கள்" என்றேன்.

பழைய பில் துண்டுகளின் பின்புறத்தில் எழுதி வந்தார். நாளுக்குப் பதினொன்று. உடம்பு கேட்டவை இரண்டு: எழுந்தவுடன் ஒன்று, மதியச் சோற்றுக்குப் பின் ஒன்று. ஏனையவை வேறெதனுடனோ ஒட்டிக்கொண்டு வந்தவை. லொறியில் மூட்டை இறக்கி முடிந்ததும் சுமை தூக்கும் நாட்டாமைகள் நீட்டும் சிகரெட் பெட்டி. பிளேன்டீ என்கிற பாலில்லாத் தேநீர். பஸ் தரிப்பிடத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் கயிறு. அதன் நுனி நாள் முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும்; ஒற்றைச் சிகரெட் வாங்கி அதிலேயே பற்றவைக்கலாம். "கயிற்றைக் கண்டால் வாங்கிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தார். அடுத்த தரிப்பிடம் வரை நடந்துபோய் பஸ் ஏறச் சொன்னேன். அந்தச் சிகரெட் அன்றே நின்றது.

காலைச் சிகரெட் அப்படிப் போகாது. எழுந்து அரை மணி நேரத்துக்குள் புகைப்பவருக்கு நிக்கொட்டீன் பழக்கம் ஆழமானது. மருத்துவரிடம் கேட்டு நிக்கொட்டீன் கம் போன்றவற்றின் துணையை எடுப்பதில் வெட்கம் வேண்டாம். முதல் 2, 3 நாட்கள்தான் மிகக் கடுமை. ஆனால் ஒரு தடவை எழும் ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். தனியாகத் தாங்க முடியாதவர்கள், இலங்கையில் புகையை விட உதவும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம்.

தேநீரைப் பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. சிகரெட் புகை, தேநீரிலுள்ள கஃபீனை ஈரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. புகையை நிறுத்தியதும் அதே பிளேன்டீ உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். படபடக்கும், தூக்கம் கெடும். சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்து மீண்டும் பற்றவைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். விடும் நாளிலிருந்தே தேநீரைப் பாதியாக்குங்கள்.

சிகரெட்டை விட்ட நாற்பதாவது நாள் அவர் தவறினார். கொட்டாஞ்சேனையில் உறவினரின் மரண வீடு. இரவு விழித்திருப்பவர்களுக்காக வெற்றிலைத் தட்டில் சிகரெட்டும் அடுக்கி வைத்திருந்தார்கள். தட்டு அவர் நாற்காலிக்கு முன்னால் மூன்று தரம் வந்தது. மூன்றாம் தரம் எடுத்துவிட்டார். தலைகுனிந்து வந்தவரிடம், "அப்போது உங்கள் கையில் என்ன இருந்தது?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்றார். அதையும் பில் துண்டில் எழுதிக்கொண்டோம்.

சில மாதங்களில் இன்னொரு மரண வீடு. மறுநாள் தொலைபேசியில் அழைத்தார்.

"இராமுழுக்கத் தேநீர் கொடுக்கும் வேலையை நானே வாங்கிக்கொண்டேன், மிஸ். இரண்டு கையிலும் தட்டு."