கேள்வி முடியுமுன்னே தயாராகும் பதில்

"சாப்பிட்டாச்சா?" "ஆச்சு, நீங்க?" இந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள மௌனம் கண் இமைக்கும் நேரம்தான். அதை அளந்து பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் கிடைத்தது.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தைச் சேர்ந்த டானியா ஸ்டிவர்ஸ், ஸ்டீபன் லெவின்சன் உள்ளிட்ட குழு, பலதரப்பட்ட பண்பாடுகளிலிருந்து 10 மொழிகளின் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து 2009-இல் முடிவை வெளியிட்டது. ஆம்-இல்லை வகைக் கேள்விகளுக்குப் பதில் தொடங்க ஆன சராசரி நேரம் சுமார் 200 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மிக வேகம் ஜப்பானியம், 7 மில்லிவிநாடி. மிக மெதுவு டேனிஷ், 469. வேறுபாடு இருந்தாலும் எல்லாமே அரை விநாடிக்குள் அடங்கிவிட்டன.

இதில் என்ன புதிர்? ஒரே ஒரு சொல்லைச் சொல்லவே மூளைக்குச் சுமார் 600 மில்லிவிநாடி தேவை. ஒரு படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்டால், பார்த்ததைப் புரிந்துகொள்ள ஏறக்குறைய 175 மில்லிவிநாடி ஆகிறது. மனத்திலுள்ள சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு 75. அதன் ஒலிவடிவத்தை எடுக்க 80. ஒலிகளை அசைகளாகக் கோக்க 125. நாக்குக்கும் உதட்டுக்கும் உரிய கட்டளைகளை ஆயத்தம் செய்ய மிச்சம் 145. முழு வாக்கியம் என்றால் இன்னும் கூடும். எதிரில் இருப்பவர் பேசி முடித்த பிறகுதான் இந்த வேலை தொடங்குகிறது என்றால், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அரை விநாடிக்கு மேல் அமைதி நிலவ வேண்டும். அப்படி நிலவுவதில்லை. ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளை இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும்: என்ன சொல்வது என்பதை உருவாக்குவது, எப்போது தொடங்குவது என்பதைக் கணிப்பது.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். பேச்சு எங்கே முடியும் என்று எதை வைத்துக் கணிக்கிறோம்? 2006-இல் டச்சு உரையாடல் துண்டுகளைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. கேட்பவர்கள் பேச்சு முடியும் கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். பேச்சின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கிச் சொற்களை மட்டும் விட்டுவைத்தபோது கணிப்பு கெடவில்லை. ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு சொற்களை அடையாளம் தெரியாமல் ஆக்கியபோது கணிப்பு நன்றாகச் சறுக்கியது. அதனால் குரலின் ஏற்ற இறக்கம் வீண் என்று ஆகாது. ஒரு வாக்கியம் இரண்டு இடங்களில் முடியக்கூடியதாக இருக்கும்போது, எது உண்மையான முடிவு என்று காட்டிக்கொடுப்பது அதுதான் எனப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

நைமேகன் பட்டியலில் தமிழ் இல்லை. ஆனால் ஜப்பானியம் நமக்கு அந்நியமான அமைப்புடையதன்று. அங்கும் வினைச்சொல் கடைசியில் வரும். 'வந்தார்' என்பதை 'வந்தாரா' ஆக்கும் நம் ஆகாரம் போலவே வினாக்குறியான 'க' இறுதியில் வந்து ஒட்டும். கேள்வி என்பதே கடைசி ஒலியில்தான் உறுதிப்படும் மொழி மெதுவாகத்தானே இருக்க வேண்டும்? இருந்தும் அதுவே முதலிடத்தில். வினைக்குப் பின் வரும் ஒட்டுகள் புதுச் செய்தி அதிகம் சுமப்பதில்லை. 'முடியப்போகிறது' என்ற அறிவிப்பைத்தான் சுமக்கின்றன. கேட்பவருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் அவகாசம் என்று கருத இடமுண்டு.

இனி முதல் காரியம்: பதில் எப்போது உருவாகத் தொடங்குகிறது? இதை அளப்பது எளிதன்று. மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ கருவி பார்ப்பது ரத்த ஓட்டத்தை. அது உச்சத்தைத் தொடவே 5, 6 விநாடி ஆகும். தலைமேல் மின்முனைகளை ஒட்டும் ஈ.ஈ.ஜி வேகமானது, ஆனால் அது பிடிக்கும் சமிக்ஞை ஒரு சில பத்து மைக்ரோவோல்ட்தான். தாடையும் நாக்கும் அசைந்தால் தசைகளின் மின்னோட்டம் அதை மூழ்கடித்துவிடும். எனவே வாய் அசைவதற்கு முந்தைய கட்டத்தை மட்டும் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

சாரா போகெல்ஸ், லில்லா மாக்யாரி, லெவின்சன் மூவரும் 2015-இல் அதற்கு ஒரு நேர்த்தியான வழி கண்டார்கள்: வினாடி வினா. ஒரே கேள்வியை இரு விதமாகக் கட்டினார்கள். தமிழில் அதே உத்தியைச் செய்தால் இப்படி இருக்கும்: "உதகமண்டலத்தைத் தலைநகராகக் கொண்ட எந்த மாவட்டம் தேயிலைக்குப் பெயர்போனது?" "தேயிலைக்குப் பெயர்போன எந்த மாவட்டத்தின் தலைநகர் உதகமண்டலம்?" முதலாவதில் விடைக்கான துப்பு தொடக்கத்திலேயே விழுகிறது, இரண்டாவதில் கடைசியில். துப்பு கிடைத்து ஏறக்குறைய அரை விநாடிக்குள், கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, பேச்சுத் தயாரிப்போடு தொடர்புள்ள மின்மாற்றம் பதிவில் எழுந்தது. துப்பு முன்னால் வந்த கேள்விகளுக்குப் பதிலும் விரைவாக வந்தது. பதில் சொல்ல வேண்டாம், கேள்வியை நினைவில் வைத்தால் போதும் என்றபோது அந்த மாற்றம் குறைந்தது. ஆக, அது வெறும் புரிதலின் அடையாளம் அன்று.

மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து அளந்தால் இடம் துல்லியமாகத் தெரியாது. நியூயார்க், அயோவா ஆய்வாளர்கள் இணைந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைத் தீர்த்தது. நரம்பு அறுவை சிகிச்சைக்கு வந்தவர்களின் மூளைப் பரப்பிலேயே வைக்கப்பட்ட மின்முனைகள் வழியாக, அதே வகைக் கேள்விகளைக் கேட்டு அளந்தார்கள். கேட்கும்போது காதருகே உள்ள பொட்டுமடல் பகுதி இயங்கியது. பேசும்போது வாயசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி. இரண்டுக்கும் நடுவே, பதிலைத் திட்டமிடும் கட்டத்தில், மூளையின் முன்மடலில் உள்ள கீழ்மடிப்பு, நடுமடிப்பு இரண்டின் பின்பகுதிகளும் இயங்கின. புரோகா பகுதி என்று நெடுங்காலமாக அறியப்பட்ட இடத்தின் ஒரு பங்கும் இதில் அடங்கும். கட்டுப்பாடற்ற சாதாரண அரட்டையிலும் இதே வலைப்பின்னல் வேலை செய்தது. பேச்சை 'உண்டாக்கும் இடம்' என்று பாடநூல்கள் சொன்ன பகுதி, அடுத்தவர் பேசும்போதே நம் பதிலைக் கட்டும் இடமாகவும் இருக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

தயாரான பதிலை உரிய கணம் வரை பிடித்து வைக்கவும் வேண்டும். கணிப்பு தவறினால் இருவர் பேச்சும் மோதும். தொடங்கிவிட்ட செயலை நிறுத்த மூளைக்குக் குறைந்தது 200 மில்லிவிநாடியாவது ஆகும். ஓர் அசை உச்சரிக்கும் நேரமும் ஏறத்தாழ அவ்வளவே. அதனால்தான் மோதிக்கொண்டவர்களில் ஒருவர் ஓரிரு அசை சொல்லிவிட்டுத்தான் நிறுத்துகிறார். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு குலைவது காணொளி அழைப்பில். நேரில் 135 மில்லிவிநாடியாக இருந்த இடைவெளி, ஜூம் வழியே பேசும்போது 487 ஆனதாக 2022-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. இணையத் தாமதம் மட்டும் அவ்வளவு இல்லை. தாமதம் நிலையாக இல்லாமல் ஏறி இறங்குவதால், பேச்சின் தாளத்தோடு ஒட்டி நிற்கும் கணிப்பே பிடி தளர்கிறது என்பது அவ்வாய்வாளர்களின் விளக்கம்.

விளைவு எரிச்சலோடு நிற்பதில்லை. நைமேகன் பதிவுகளில் உடன்படும் பதில்கள் மறுக்கும் பதில்களைவிட விரைவாக வந்தன. கேட்பவரும் அதை அறிந்தே வைத்திருக்கிறார்: ஆங்கிலம், இத்தாலியம், ஜப்பானியம் பேசுவோருக்கு, இடைவெளியைச் செயற்கையாக நீட்டிய பதிவுகளைப் போட்டுக் காட்டியபோது, பதில் 'சரி' என்றே இருந்தாலும் சொன்னவருக்கு மனமில்லை என்று மதிப்பிட்டார்கள். இப்போது அழைப்பில் ஓர் உதவி கேட்கிறீர்கள். அங்கிருந்து வரவேண்டிய 'சரி' அரை விநாடி பிந்துகிறது. அது வந்து சேர்வதற்குள், "முடியலைன்னா பரவாயில்லீங்க" என்று நீங்கள் சொல்லிவிட்டிருப்பீர்கள்.