ஸ்பீக்கர் ஸ்டாண்டு: காதுக்குக் கேட்பது உயரமா, உலோகமா?

சிறிய ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு அடுத்த கவலை, அதை எதன்மேல் வைப்பது என்பதுதான். கனத்த எஃகுத் தூண், அடியில் கூர்முனைகள், உள்ளே மணல் என்று விளம்பரங்கள் அடுக்கிக்கொண்டே போகின்றன. சில ஸ்டாண்டுகளின் விலை ஸ்பீக்கரின் விலையையே எட்டிவிடுகிறது. ஸ்டாண்டு வைத்தால் ஒலி மாறுமா? கட்டாயம் மாறும். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு, ஸ்பீக்கர் எங்கே, எந்த உயரத்தில் நிற்கிறது என்பதால் வருவது. ஸ்டாண்டு எந்தப் பொருளால் ஆனது என்பதற்கு அதில் மிகச் சிறிய இடமே உண்டு.

பெரும்பாலான சிறிய ஸ்பீக்கர்களில் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை வூஃபரும் (தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் பெரிய கூம்பு) ட்வீட்டரும் (உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய பகுதி) சேர்ந்தே எழுப்புகின்றன. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், அந்த அதிர்வெண்களில் அலைநீளம் 11 முதல் 17 சென்டிமீட்டர். வூஃபரின் மையத்துக்கும் ட்வீட்டரின் மையத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறத்தாழ இதே அளவுதான். காது ட்வீட்டரின் மட்டத்தில் இருந்தால் இரண்டின் அலைகளும் ஒத்திசைந்து வந்து சேரும்படி பொதுவாக வடிவமைக்கிறார்கள். காது அந்த மட்டத்திலிருந்து வெகுவாக மேலே போனால், ஒரு அலை மற்றதைவிடச் சில சென்டிமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்ய நேர்ந்து, இரண்டும் ஒன்றையொன்று அழிக்கத் தொடங்கும். பேச்சின் மெய்யெழுத்துகள் துலங்குவதற்கு இந்த அதிர்வெண்கள் மிகவும் வேண்டியவை. தரையில் வைத்த ஸ்பீக்கரில் பாடகரின் குரல் மங்கிப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் காது பொதுவாகத் தரையிலிருந்து 90 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ட்வீட்டரை அந்த உயரத்துக்குத் தூக்கி வைப்பதுதான் ஸ்டாண்டின் தலையாய வேலை.

தரையும் சும்மா இருப்பதில்லை. வூஃபர் 80 சென்டிமீட்டர் உயரத்திலும், காது 95 சென்டிமீட்டர் உயரத்திலும், இரண்டுக்கும் இடையே இரண்டரை மீட்டர் தூரமும் இருப்பதாகக் கொள்வோம். தரையில் பட்டு எழும் ஒலி, நேராக வரும் ஒலியைவிட 55 சென்டிமீட்டர் அதிகம் பயணிக்கிறது. அது சுமார் 310 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அரை அலைநீளம். ஆகவே அந்த அதிர்வெண்ணில் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, ஒலியில் ஒரு பள்ளம் விழும். வூஃபரை 60 சென்டிமீட்டருக்கு இறக்கினால் பள்ளம் 410 ஹெர்ட்ஸுக்கு நகரும். பின்சுவரின் கதையும் இதுவே. ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 143 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம். ஒரு மீட்டருக்கு நகர்த்தினால் அது 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இவை பல டெசிபல் அளவிலான மாற்றங்கள், பயிற்சி இல்லாத காதுக்கும் தெரிபவை. இத்தனையையும் தீர்மானிப்பது வடிவியல். ஸ்டாண்டு எஃகா மரமா என்று அது பார்ப்பதில்லை.

இனி அதிர்வு. வூஃபரின் கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே தள்ளப்படுகிறது, படகிலிருந்து கரைக்குக் குதிப்பவர் படகைப் பின்னுக்குத் தள்ளுவது போல. நியூட்டனின் மூன்றாம் விதி என்பதால் இதை மறுக்க முடியாது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. கூம்பின் எடை 12 கிராம், பெட்டி 7 கிலோ என்றால் விகிதம் சுமார் 1:580. கூம்பு 2 மில்லிமீட்டர் நகர்ந்தால், எந்தப் பிடிமானமும் இல்லாத பெட்டிகூட ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே நகரும். அசைவின் கணக்கில் இது 55 டெசிபல் குறைவு. பெட்டியின் முகப்பு கூம்பைவிடப் பெரியதுதான். ஆனாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் அதன் முன்பக்கமும் பின்பக்கமும் எழுப்பும் அலைகள் பெரிதும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. எத்தனை கனமான ஸ்டாண்டானாலும் அது திருத்தக்கூடிய பிழை இவ்வளவே.

அகன்ற மெல்லிய பலகையின்மேல் ஸ்பீக்கரை வைத்தால் நிலைமை வேறு. பலகைக்குப் பரப்பு அதிகம். அதன் இயல்பான அதிர்வெண்ணில் சிறு உந்துதல் கிடைத்தாலும் அதுவே ஒரு ஸ்பீக்கராக மாறி முழங்கும். அலமாரியிலிருந்து ஸ்டாண்டுக்கு மாற்றியவர்கள் பாஸ் (தாழ்ந்த ஒலிகள்) தெளிவாகிவிட்டது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தப் பலன் எந்த உறுதியான ஸ்டாண்டிலும் கிடைக்கும்.

கூர்முனைகள் அதிர்வைத் தரைக்குள் வடித்துவிடும் என்ற விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இயந்திரத் தொடர்பு ஒருவழிப்பாதை அல்ல. போகும் வழியே திரும்பியும் வரலாம். கம்பளத்தைத் துளைத்து ஸ்டாண்டை ஆடாமல் நிறுத்துவது கூர்முனையின் உண்மையான பயன். கீழே வெற்றிடம் உள்ள மரத்தரையில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் பாதங்கள் பொருத்தமானவை. அங்கும் ஒரு கணக்கு உண்டு. ஸ்பீக்கரின் எடையோடு சேர்ந்து அந்தப் பாதத்தின் இயல்பு அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்றால், 14 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் அது அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். ரப்பர் கடினமாகி அந்த இயல்பு அதிர்வெண் 40 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டால், தடுக்க வேண்டிய பாஸையே அது கூட்டிக் கொடுக்கும்.

அப்படியானால் விலையுயர்ந்த ஸ்டாண்டில் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. ஸ்டாண்டை மாற்றும்போது ஸ்பீக்கரின் உயரமும் இடமும் கோணமும் சற்றே மாறிவிடுகின்றன. அது நிஜமான ஒலி மாற்றம். மாற்றி முடிக்கும் சில நிமிடங்களில் முந்தைய ஒலியின் நுட்பங்கள் நினைவிலிருந்து நழுவிவிடும். கண்ணுக்கும் பங்கு உண்டு. ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்கள் அளித்த மதிப்பெண்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது மாறிப்போயின.

ஏற்கெனவே ஒரு ஸ்டாண்டு இருந்தால், 20 ஹெர்ட்ஸிலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒலியை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, தூணில் விரலை வைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு அதிர்வெண்ணில் மட்டும் தூண் பளிச்சென்று அதிர்ந்தால், குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் ஸ்டாண்டை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் ஒரே பாடலைக் கேளுங்கள்.