பேரிடர் ஓய்ந்த பிறகான மூன்று நாட்களுக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ தாக்கிய அன்று மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கூட்டம் நெரியும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வருகிற கூட்டத்தை அங்கே வேலை பார்க்கும் எங்களைப் போன்றவர்கள்தான் பார்க்கிறோம். மெழுகுவத்தி சரிந்து தீக்காயம் பட்டவர்கள், வீட்டுக்குள்ளேயே ஜெனரேட்டரை ஓட்டி மயங்கியவர்கள், கலங்கல் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகள், மாத்திரை தீர்ந்துபோய் ரத்த அழுத்தம் எகிறிய பெரியவர்கள், இருட்டில் கண்ணாடிச் சில்லை மிதித்தவர்கள். இவர்களில் பாதிப் பேரை இங்கே கொண்டுவந்து சேர்த்தது புயல் இல்லை. வீட்டில் ஒரு டார்ச் இல்லாமல் போனதும், ஒரு கேன் தண்ணீர் இல்லாமல் போனதும்தான்.

ஆயத்தமாக விற்கிற அவசரகாலப் பையை வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட பைகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். கைநிறைய விரல் பிளாஸ்டர், ஒரு திசைகாட்டி, நூலும் ஊசியும், மினுமினுக்கும் மெல்லிய போர்வை, ஒரு விசில். விசிலை எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாட்டுக்குள் மாட்டிக்கொண்டவர் கத்தினால் சீக்கிரம் தொண்டை கட்டிவிடும். விசிலை மூன்று மூன்று முறையாக ஊதிக்கொண்டே இருக்கலாம், ஓசையும் தூரம் போகும். மற்றதெல்லாம் உங்கள் வீட்டை அறியாத ஒருவர் நிரப்பியது. உங்கள் தாயாருக்கு என்ன மாத்திரை, கைக்குழந்தைக்கு என்ன வேண்டும், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் அந்தப் பைக்குத் தெரியாது. அதற்குக் கொடுக்கிற பணத்தில் கீழே சொல்பவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்துவிடலாம். பாதி, காசே இல்லாமல் ஆகிற காரியம்.

முதலில் தண்ணீர். குடிக்க, சமைக்க, கை கழுவ என ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், குறைந்தது மூன்று நாளுக்கு. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு 48 லிட்டர். எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டு 20 லிட்டர் கேன்களும் சில பாட்டில்களும்தான். உணவுப் பொருள் வைப்பதற்கென்றே செய்யப்பட்ட, மூடி இறுக்கமான பாத்திரமாக இருக்கட்டும். பெயின்ட், பூச்சிமருந்து, டீசல் இருந்த கேனை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது. பால் இருந்த பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கும் பிசுக்கில் கிருமி வளரும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கேனின் மேல் தேதி எழுதி ஒட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எச்சரிக்கை வந்ததும் வீட்டிலுள்ள வாளி, அண்டா எல்லாவற்றிலும் நீர் பிடித்துவிடுங்கள். அது கழுவுவதற்கு, குடிநீர்க் கணக்கில் சேராது.

கையிருப்பு தீர்ந்து, ஐயத்துக்கு இடமான தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்ற நிலை வந்தால், தெளிய வைத்துத் துணியில் வடிகட்டிவிட்டு, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். எரிபொருள் இல்லையென்றால் வாசனையும் நிறமும் சேர்க்காத வீட்டு உபயோக ப்ளீச் திரவம் கைகொடுக்கும். 5 முதல் 6 சதவீதச் செறிவுள்ளதில் லிட்டருக்கு இரண்டு சொட்டு, கலங்கலாக இருந்தால் நான்கு. கலக்கிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு மிக லேசான குளோரின் வாடை வந்தால் சரி. சொட்டு விடுவதற்கு ஒரு சொட்டுக் குழாயையும் பாட்டிலோடு ரப்பர் போட்டுக் கட்டி வையுங்கள். நெருக்கடி நேரத்தில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்களைத்தான் பார்க்கிறேன். ப்ளீச் வைத்த இடத்திலேயே வீரியம் இழக்கும், ஆண்டுக்கு ஒரு புது பாட்டில் தேவை. இவை எதுவும் கையில் இல்லையா? கீறல் விழாத, நிறமற்ற, இரண்டு லிட்டருக்கு மேற்படாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த நீரை ஊற்றி, முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்க வையுங்கள். மேகமூட்டமாக இருந்தால் இரண்டு முழு நாள். சூரியனின் புற ஊதாக் கதிர்கள் கிருமிகளைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ரசாயனமோ எண்ணெயோ கலந்த தண்ணீரை இந்த மூன்று வழிகளில் எதுவும் சுத்தமாக்காது.

அடுத்தது, என் அனுபவத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது: மருந்துச் சீட்டு. வெள்ளம் வடிகிற நாட்களில் திரும்பத் திரும்ப நடக்கும் உரையாடல் இது. படியில் வழுக்கி விழுந்து நெற்றி வீங்கிய பெரியவரை மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வருகிறார்.

"ஐயா, தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?"

"காலையில் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை, டாக்டர். இரவில் மஞ்சளில் பாதி."

"பெயர் தெரியுமா?"

மகன் குறுக்கிடுகிறார். "சீட்டெல்லாம் நனைந்து கூழாகிவிட்டது டாக்டர். மருந்துக் கடையும் மூடியிருக்கிறது."

சின்ன வெள்ளை மாத்திரைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை என்றால், நெற்றியில் வெறும் வீக்கம்போல் தெரிவதற்கும் உடனடியாகத் தலையை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். வலிப்புக்கான மாத்திரை என்றால், இரண்டு வேளை விட்டுப்போனதே மீண்டும் வலிப்பு வரக் காரணமாகலாம். ஒரு அரைத்தாள் எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை நாங்கள் கேட்டுக் கேட்டு ஊகிக்கிறோம்.

அந்த அரைத்தாளில் இருக்க வேண்டியவை: பெயர், வயது, நோய்கள், மருந்தின் பொதுப் பெயர் (ஜெனரிக் பெயர்), மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை, ஒவ்வாமை, தொடர்பு கொள்ள வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் வேறு ஊரில் வேறு கடையில் அந்தப் பெயர் கிடைக்காமல் போகலாம். பேனாவால் எழுதி, ஜிப் பையில் போட்டு, மேலே இருந்து படிக்கும்படி வையுங்கள். கைபேசியில் படம் எடுத்தும் வைக்கலாம். ஆனால் சார்ஜ் இறங்கிய கைபேசிக்குள் இருக்கிற படம் இல்லாத படம்தான். கூடவே ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை எப்போதும் கையிருப்பில் வைத்திருங்கள். கடைசி அட்டை தீர்ந்த பிறகு கடைக்குப் போகிற பழக்கத்தை, ஒரு வாரம் மீதமிருக்கும்போதே போவதாக மாற்றினால் போதும். கூடுதல் செலவு கிடையாது. இன்சுலின் போடுகிறவர்கள் மின்சாரம் போனதும் பதறி மருந்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பயன்பாட்டில் இருக்கும் பெரும்பாலான இன்சுலின் வகைகள் 30 டிகிரி செல்சியஸுக்குள் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும். உங்களுடையதின் காலம் பெட்டிக்குள் இருக்கும் தாளில் அச்சாகியிருக்கும். ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி வைப்பதுதான் ஆபத்து. உறைந்த இன்சுலினை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி மலிவு என்று நினைக்கிறோம். ஒரு தீக்காயத்தின் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. சாதாரண எல்.இ.டி. டார்ச் போதும். நெற்றியில் கட்டிக்கொள்ளும் வகை இன்னும் நல்லது, இரண்டு கையும் சும்மா இருக்கும். டார்ச்சைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள், அதோடு தடித்த அடியுள்ள ஒரு ஜோடி செருப்போ ஷூவோ. நள்ளிரவில் நிலம் குலுங்கினால் முதலில் காயம்படுவது பாதம்தான். வீடுகளுக்குச் சென்று பேசும்போது டார்ச்சை எடுத்து வரச் சொல்வேன். பெருமையோடு எடுத்து வருவார்கள். பொத்தானை அழுத்தினால் எரியாது. பின்மூடியைத் திருகினால் கரகரவென்று வெள்ளையாகப் பூத்த பொடி கொட்டும். உள்ளே சுருள் கம்பி பச்சை பிடித்து பேட்டரியோடு ஒட்டிப் போயிருக்கும். எப்போதோ போட்டுவிட்டு மறந்த பேட்டரி கசிந்ததன் விளைவு. பேட்டரியைக் கழற்றி, டார்ச்சோடு சேர்த்து ஒரு பையில் தனியாகப் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். அறை முழுக்க வெளிச்சம் வேண்டுமென்றால், தண்ணீர் நிரம்பிய வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் டார்ச்சைச் சாய்த்து வைத்துப் பாருங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்தேனே, பால்கனியில்தானே ஓடியது என்பதெல்லாம் பதிலாகாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் கதவு ஜன்னல் பக்கம் பார்க்காதபடி இருக்க வேண்டும். அறைக்குள் கரி அடுப்பு மூட்டிக் குளிர்காய்வதும் இதே கதைதான். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். ஜெனரேட்டருக்குச் செலவழித்தவர்கள், பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிக்கும் செலவழித்தே ஆக வேண்டும். இந்தக் கட்டுரையில் வாங்கியே தீர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இது ஒன்றைத்தான்.

முதலுதவிப் பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி, காயத்தின்மேல் வைக்கும் காஸ் துணி, கிரேப் பேண்டேஜ், ஒரு கத்தரி, கையுறை, சோப்பு, பாராசிட்டமால், வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். ரத்தம் கொட்டினால் துணியை மடித்து வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் விடாது அழுத்த வேண்டும். தீக்காயத்தின்மேல் 20 நிமிடம் சுத்தமான சாதாரண நீரை ஓட விடுங்கள். பற்பசையும் மையும் தடவி வருகிறவர்களுக்கு அதைச் சுரண்டி எடுப்பதே எங்கள் முதல் வேலையாகிவிடுகிறது, அது அவர்களுக்கு இரண்டாவது வேதனை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவில். சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆரோக்கியமான ஒருவர் மூன்று நாள் அரைவயிற்றோடு சமாளித்துவிடுவார். கைக்குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும்தான் விதிவிலக்கு. வீட்டார் வழக்கமாகச் சாப்பிடுகிற, சமைக்கத் தேவையில்லாத பொருள்களில் எப்போதும் ஓரளவு கூடுதலாக வாங்கி, பழையதை முதலில் தின்று புதியதைப் பின்னால் அடுக்குங்கள். ஜப்பானில் இதைத்தான் வீடுகளுக்குப் பரிந்துரைக்கிறார்கள்; தனியாகச் சேமித்துக் காலாவதியாக விடுவதைவிட இது சிக்கனம். மின்சாரம் போனால் குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கும் உறைபெட்டி 48 மணி நேரம்.

கழிப்பறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் நோய் பரவுவது அங்கிருந்துதான். 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை நிலநடுக்கம் குலுக்கியபோது, கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து பல வீடுகளில் கழிப்பறையையே பயன்படுத்த முடியாமல் போயிற்று. அந்த நாட்டில் இப்போது பரிந்துரைக்கப்படுவது இரட்டை வாளி முறை: சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று. இரண்டும் கலக்காததால் நாற்றம் குறைகிறது. மல வாளியில் ஒவ்வொரு முறையும் மரத்தூளோ உலர்ந்த மண்ணோ தூவி மூடிவிட வேண்டும். மூடியுள்ள இரண்டு பழைய வாளிகள், கனமான குப்பைப் பைகள், சோப்பு, மாதவிடாய்க்கான துணி அல்லது நாப்கின். இவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். வெள்ள நாட்களில் நாப்கின் கேட்டு வருகிற பெண்களின் தயக்கத்தைப் பார்த்த பிறகு, இதைப் பட்டியலின் கடைசியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

பொருளே இல்லாத ஓர் ஏற்பாடும் உண்டு. 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே நகரம் நிலநடுக்கத்தில் சரிந்தபோது இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், ஆக்சிஜன் கருவியில் யார் இருக்கிறார், தனியாக யார் வசிக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு விவரத்தையும் அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்த மருந்துத் தாளில் இன்னொரு வரி: வீட்டில் ஒவ்வொருவரும் கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட ஆண்டு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டியது அது. சேறு படிந்த ஆழமான காயம் என்றால் ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே மீண்டும் போடுவோம். வெள்ளத்தில் ஆணி குத்தியவரிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "பள்ளிக்கூடத்தில் போட்டார்கள் டாக்டர்."